மீன் வேறு பக்கம் போய்விடாதா?

நேற்று ஒரு கல்லூரித் தம்பி கேட்ட கேள்வி இது: "எண்ணூர் ஆறு கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, கெட்டுப்போனா அங்க இருக்கிற மீன், இறால், நண்டெல்லாம் பழவேற்காட்டுப் பக்கம் போயிடாதா? மனுஷன் பிழைக்க வழியில்லாத ஊரை விட்டுப் போறதில்லையா? அப்படியே இல்லைன்னாலும் கரையில நாலு அலையாத்தி மரம் நட்டா சரியாயிடாதா?"

கேட்டதும் இரண்டு பேர் அவரைக் கிண்டல் செய்தார்கள். கிண்டல் தேவையில்லை, நல்ல கேள்வி. விலங்கியல் முதலாண்டு பிள்ளைகளிடம் வருஷா வருஷம் நான் எதிர்பார்க்கும் கேள்வியும் இதுதான், யாரும் கேட்பதில்லை. நான் வடசென்னையில் எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கம் பக்கம் பிறந்து வளர்ந்தவன், எங்கள் நைனா (அப்பா) இந்த ஆற்றில் வலை போட்டவர், அதனால் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரான பதில். சிலது போகும், பெரும்பாலானவை போக முடியாது, போகிறதுக்கும் போன இடத்தில் இடம் காலியாக இருக்காது. ஏனென்றால் ஓர் உயிருக்கு வாழிடம் என்பது வீட்டு முகவரி மாதிரி கிடையாது. இவ்வளவு உப்பு, இவ்வளவு சூடு, இந்த மாதிரி அடிமண், இந்த மாதத்தில் இந்தப் பக்கமிருந்து தண்ணீர் என்று ஒரு கணக்கு அதற்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறதோ அதுதான் அதன் ஊர். எண்ணூரில் நடப்பது அந்தக் கணக்கை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கலைப்பது.

இறாலை எடுத்துக்கொள்வோம், நம்மூர் ஆட்களுக்குச் சுலபமாகப் புரியும். வெள்ளை இறால் ஆற்றில் வளர்வதால் ஆற்றுப் பிராணி என்று நினைப்போம். அது பிறப்பது கடலில். தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டை விடும், ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும், அப்புறம் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் குஞ்சுகள் தண்ணீர் போகிற போக்கில் மிதக்கும். உருவம் பல தடவை மாறி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஊசி மாதிரி ஆனதும் ஏத்தத் தண்ணியோடு முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வந்துவிடும். உள்ளேதான் இரை அதிகம், பெரிய மீன் குறைவு, ஒளிந்துகொள்ளச் சேறும் வேரும் உண்டு. இரண்டு மூன்று மாதம் தின்று வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போய் முட்டை விடும். ஆக அதற்கு இரண்டு வீடு, நடுவில் ஒரே ஒரு வாசல். மணல் சேர்ந்து அந்த வாசல் அடைத்துக்கொண்டால் கடலில் இருக்கிற குஞ்சு உள்ளே வர முடியாது, உள்ளே வளர்ந்தது வெளியே போக முடியாது. அது செத்து மிதக்காது, அதனால் செய்தியிலும் வராது. அடுத்த பருவம் வலையில் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

வாசலைத் திறந்து வைப்பது எது? ஒரு பக்கம் கடலின் ஏற்ற வற்றம், இன்னொரு பக்கம் ஆற்றில் வருகிற வெள்ளம். எண்ணூரில் கடலோடு சேர்கிற கொசஸ்தலை ஆற்றுக்கு வருகிற தண்ணீர் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டிய பிறகு அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு நம் குடிநீருக்காகத் தேங்கிவிடுகிறது, தேக்கம் நிரம்பித் திறந்துவிட்டால்தான் ஆறு ஆறாக வரும். நாம் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "ஆத்துத் தண்ணி கடல்ல வீணாப் போகுது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று வரும். அந்த வீணாய்ப் போகிற தண்ணீர்தான் முகத்துவாரத்து மணலைத் தள்ளி, உப்பைக் குறைத்து, மேட்டிலிருந்து சத்தைக் கொண்டுவந்து இறாலுக்குச் சோறு போடுகிறது.

உப்பைப் பற்றிச் சொன்னதால், போக முடியாது என்பதற்கான முக்கியக் காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் கடல்மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும், அது கடல்நீரைக் குடித்து, கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளி ஈடுகட்டும். ஏரி மீனுக்கு நேர் எதிர். அதன் உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் அது தண்ணீர் குடிக்காது, நிறையச் சிறுநீராக வெளியேற்றும். புழல் ஏரிக் கெண்டையைக் கடலில் விட்டால் சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போதே தாகத்தில் சாகிற மாதிரிச் சாகும். மடவை, கொடுவா மாதிரிச் சில மீன்கள்தான் இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யத் தெரிந்தவை, அதனால்தான் கழிமுகத்தில் அவை ராஜா. அந்த மாற்றமும் பொத்தானைத் தட்டிய மாதிரி நடந்துவிடாது, செவுளில் இருக்கிற செல்களே மாற வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஆழியை, அதாவது சிப்பியை, எடுத்துக்கொண்டால் அதற்கு நீந்தவே முடியாது. திடீரென்று நல்ல தண்ணீர் வெள்ளமாக வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாங்கும், அதற்கு மேல் நீண்டால் கூட்டமாகச் செத்துப்போகும். வெள்ளத்துக்கு முன்னேயும் எண்ணூர் ஆறுதான், பின்னேயும் எண்ணூர் ஆறுதான், தண்ணீர் மட்டும் மாறிவிட்டது.

அப்புறம் அடிமண். ஊரில் இல்லாதவர்களுக்குச் சேறு என்றால் அசிங்கம். எங்கள் நைனா சேற்றில் நாலைந்து வகை சொல்வார், காலை வைத்ததுமே சொல்லிவிடுவார், இது இறால் தரை, இது நண்டு தரை, இங்கே நின்று பிரயோஜனமில்லை என்று. இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்துகொண்டு, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது, தூண்டில் கிடையாது, விரல் மட்டும்தான். சேறு சேறாக இருந்தால்தான் அந்தத் தொழில். அந்தச் சேற்றுக்குள் புழுக்கள் வளை தோண்டிக் காற்றும் தண்ணீரும் உள்ளே போக வழி செய்கின்றன, மக்கிப்போன இலையைத் தின்கின்றன, புழுவை இறாலும் கிழங்கானும் தின்கின்றன, அவற்றைக் கொடுவா தின்கிறது, கொடுவாயை நாம் குழம்பு வைக்கிறோம். புழு இல்லையென்றால் குழம்பும் இல்லை, மிகைப்படுத்தவில்லை.

இப்போது அந்தச் சேற்றின் மேல் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாகக் குழாயில் தள்ளுவார்கள், குழாய் ஓட்டையானால் அது ஆற்றில். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே எங்கள் பக்கம் ஒரு குழாய் மாதக்கணக்கில் ஒழுகும், பார்ப்பதற்கு வெள்ளையாக அழகாகக்கூட இருக்கும், நாங்கள் அதில் காலால் படம் வரைவோம். அது மாவைவிட நுண்ணிய தூள். மக்கு, சத்து எதுவும் கிடையாது, உலோகங்கள் உண்டு. சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரிப் படிந்து வளைகளை மூடிவிடும், தண்ணீரில் மிதக்கும்போது செவுளில் அடைத்துக்கொள்ளும், சேரச் சேர ஆற்றின் ஆழமும் குறையும். ஆழம் குறைந்தால் வெயிலில் தண்ணீர் சீக்கிரம் சுடும். ஒன்று கெட்டால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சூடு என்றதும் பலர், "ரெண்டு டிகிரி ஏறினா என்ன, நமக்கும்தான் வெயில்" என்பார்கள். நமக்கு உடம்புக்குள் தனி அடுப்பு எரிகிறது, வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 37. மீனுக்கு அப்படி இல்லை, தண்ணீர் எவ்வளவு சூடோ மீனும் அவ்வளவு சூடு. இதில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. 20 டிகிரி நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் ஏழரைதான், உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. அதே நேரம் சூடு 10 டிகிரி ஏறினால் மீனின் உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். வரவு குறையும்போது செலவு கூடினால் எந்தக் குடும்பம் தாங்கும்? மின் நிலையங்கள் எந்திரத்தைக் குளிர்வித்துவிட்டு வெளியே விடுகிற தண்ணீர் இந்த வேலையைத்தான் செய்கிறது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால், அது விளையாடவில்லை, மூச்சுக்குத் திணறுகிறது. இரவெல்லாம் பாசியும் மீனும் புழுவும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழித்திருக்கும், விடிகிற நேரத்தில்தான் கையிருப்பு மிகக் குறைவு.

மீனாவது நீந்தும். அலையாத்தி எங்கே போகும்? எண்ணூரில் அதிகம் இருப்பது வெண்கண்டல். அதன் இலையைப் பறித்து நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும், வெயில் நாளில் உப்பு மணியே மின்னும். வேர் உப்பைப் பெருமளவு தடுத்துவிடும், தடுப்பை மீறி ஏறியதை இலை வழியாகக் கசிய விடும். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேரிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் மேல்நோக்கி வளர்ந்து நிற்கும், அதன் தோலில் இருக்கிற நுண்துளை வழியாகத்தான் மரம் சுவாசிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் பரவியதே, அப்போது நாமெல்லாம் பார்த்தது தண்ணீர் மேல் கருப்பாக மிதந்ததையும், எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களையும்தான். தண்ணீர் வடிந்த பிறகு மூச்சுவேர்களின் மேல் தார் பூசிய மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. மூக்கில் பூசிய மாதிரிதான் அது. மரம் உடனே சாகாது, இலை மெல்ல மஞ்சளாகும், அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

இந்த மரம் இடத்தைச் சார்ந்திருக்கிறது, சரி. ஆனால் இடமும் மரத்தைச் சார்ந்திருக்கிறது, இதைப் பள்ளிக்கூடத்தில் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் குறை. மூச்சுவேர்க் காடு தண்ணீரின் வேகத்தைத் தடுத்து வண்டலைப் படிய வைக்கிறது, உதிர்ந்த இலை மக்கிச் சேறாகிறது, அந்தச் சேற்றில் நண்டு வளை தோண்டுகிறது, வளை வழியாகக் காற்று போய் மரம் தழைக்கிறது. யார் வீட்டுக்காரர், யார் குடித்தனக்காரர் என்று சொல்ல முடியாது.

"அப்போ எதுவுமே பிழைக்காதா" என்றால், பிழைக்கும், ஆனால் நாம் எதிர்பார்க்காதது பிழைக்கும். காக்கா ஆழி தெரியுமா? கருத்த ஓடு, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கடற்கரைப் பிராணி. சரக்கில்லாமல் வருகிற கப்பல் ஆட்டம் காணாமல் இருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும், அந்தத் தண்ணீரோடு அதன் குஞ்சுகள் வந்திருக்க வேண்டும் என்பதுதான் கணிப்பு. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் இதே கதை. உப்பு ஏறினாலும் தாங்கும், இறங்கினாலும் தாங்கும், நூல் நூலாகச் சுரந்து எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும். இங்கே அதைத் தேடித் தின்று அடக்கி வைக்க யாரும் பெரிதாக இல்லை. இப்போது ஆற்றின் அடியில் கம்பளம் விரித்த மாதிரிப் படர்ந்து கிடக்கிறது. முன்னே நாம் பொறுக்கிக்கொண்டிருந்த பச்சை ஆழி, மஞ்சள் ஆழி இருந்த இடத்தை அது எடுத்துக்கொண்டது, இறால் புதைய இடமில்லை, இறங்கித் துழாவினால் கை கிழிகிறது. மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஆகவே "இயற்கை எப்படியாவது சமாளிச்சுக்கும்" என்கிறவர்களுக்கு என் பதில், ஆமாம், சமாளிக்கும், ஆனால் அந்தச் சமாளிப்பில் நாம் இருப்போம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கடற்கரைக்கு வருவோம், இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருஷத்தில் பெரும்பகுதி நம் கரையோர மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், தெண்டி நீரோட்டம் என்பார்கள். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. மெரினா அவ்வளவு அகலமாக இருப்பதும், ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் வீடுகளைத் தின்றதும் ஒரே கதையின் இரண்டு பக்கம். கடலைத் தடுக்க இங்கே கல்லைக் கொட்டினோம். பங்குனி ஆமை தை, மாசி, பங்குனி இரவுகளில் கரையேறி, மணலில் குழி தோண்டி நூற்றுச் சொச்சம் முட்டை வைக்கும். மணலின் சூட்டில்தான் ஒன்றரை மாதத்துக்கு மேல் அடைகாக்கப்பட்டுப் பொரிகிறது, அந்தச் சூட்டை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும், சூடு கூடினால் பெண். கல்லில் எப்படிக் குழி தோண்டும்? தான் பிறந்த கரைப் பக்கத்தைத்தான் தேடி வரும் பிராணி, வந்து கல்லில் முட்டித் திரும்பும். பிறந்த ஊர் அதன் நினைவில் இருக்கிறது, ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. (அந்தக் கல் இடுக்குகளில் நண்டும் சிப்பியும் குடியேறியிருக்கின்றன, பையன்கள் சந்தோஷமாகப் பிடிக்கிறார்கள். ஒரு இடத்தை மாற்றினால் யாருக்கோ லாபம் இருக்கத்தான் செய்யும்.)

றெக்கை இருக்கிறவையாவது தப்பிக்கலாமே? பூநாரையைப் பாருங்கள். பழவேற்காட்டில் ஒற்றைக்காலில் நிற்பதைப் படம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை கார் கட்டிக்கொண்டு போகிறோம். அது தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக்கி, தண்ணீரைச் சலித்துத் தின்கிற பறவை. தண்ணீர் அதன் கால் உயரத்துக்குள் இருக்க வேண்டும், அதில் நுண்ணிய இரை நிறைய இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பறக்கும், ஆனால் இறங்க அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை இருக்கின்றன? பழவேற்காட்டு முகத்துவாரமும் மணல் அடைத்துக்கொள்வது உண்டு என்பதை மறக்க வேண்டாம். எண்ணூர் மீனுக்கு நீங்கள் கைகாட்டுகிற மாற்று ஊரின் நிலைமை இது.

மாற்று ஊர் என்றதும் இன்னொன்று. பழவேற்காட்டு ஏரியில் "பாடு" முறை உண்டு. எந்தத் துறையில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று உரிமையுள்ள குடும்பங்களுக்குள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள், ஏரி பெரிசாக இருக்கிறதே என்று வெளியாள் போய் வலை கட்டிவிட முடியாது. மீனுக்கும் அப்படித்தான். அங்கே ஏற்கனவே இருக்கிற மடவை, ஏற்கனவே இருக்கிற இரையைத் தின்று நிறைந்திருக்கிறது. இங்கிருந்து தப்பிப் போகிறது ஒன்று பசியில் சாகும், இல்லையென்றால் அங்கிருப்பதைப் பட்டினி போடும்.

மனிதன் ஊரை விட்டுப் போகிறானே என்று கேட்டீர்கள். ஆற்றில் மீன்பாடு குறைந்தபோது எங்கள் நைனா காசிமேட்டில் விசைப்படகு ஏறினார். ஆயாவுக்கு இஷ்டமில்லை, "ஆத்துக்காரனுக்குக் கடல் எதுக்குடா" என்று சண்டை போட்டது. ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை, திரும்பிவிட்டார். உடம்பு முடியாமல் இல்லை. காலால் தரையைத் தொட்டு மீனைச் சொல்கிற மனுஷனுக்கு, தரையே எட்டாத ஆழத்தில் அவர் கற்றது எதுவும் உதவவில்லை, படகில் இருந்த சின்னப் பையன்கள் அவருக்கு வேலை சொன்னார்கள். பிறகு கம்பெனி வாசலில் காவல் வேலை. போகத்தான் செய்தார், நீங்கள் சொன்னது சரிதான்.

கடைசியாக மரம் நடுவது. நடலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. வெண்கண்டல் ஏத்தத்தில் நனைந்து வத்தத்தில் காய்கிற மட்டத்தில்தான் வளரும், எப்போதும் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் நட்டால் மூச்சுவேர் மூழ்கிச் சாகும், தண்ணீரே ஏறாத மேட்டில் நட்டால் உப்பு மண்டிச் சாகும். பிச்சாவரத்தில் அழிந்த காட்டை மீட்டபோது முதலில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, கடல்நீர் உள்ளே வந்து போக வழி செய்தார்கள், அதன்பிறகுதான் கன்று பிழைத்தது. எண்ணூரில் முதல் வேலை சாம்பலை எடுப்பதும் முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும். தண்ணீரும் சேறும் சரியாக இருந்து, பக்கத்தில் தாய்மரமும் நின்றால் கண்டல் விதை தானே மிதந்து வந்து தானே முளைத்துக்கொள்ளும். உங்கள் கல்லூரியிலிருந்து நடுவதாக இருந்தால், கன்று வாங்குகிற முன்னால் ஒரு முழு நாள் கரையில் உட்காருங்கள், ஏத்தம் எதுவரை வருகிறது, வத்தம் எதுவரை இறங்குகிறது என்று இரண்டு இடத்தில் குச்சி நடுங்கள். அந்த இரண்டு குச்சிக்கு நடுவில், மேல் குச்சிப் பக்கமாகத்தான் குழி எடுக்க வேண்டும்.